சுழலும் ஷாஃப்டில் காந்த டார்க் சென்சார்: பிழையை இனம் பிரித்துத் துல்லியத்தைக் கூட்டும் வழி

காந்த டார்க் (முறுக்குவிசை) சென்சாரைப் புதிதாகப் பொருத்தியவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்: மெஷின் நிற்கிறது, சுமை எதுவும் இல்லை, திரையில் 3 நியூட்டன் மீட்டர் தெரிகிறது. ஷாஃப்டைக் கையால் கால் சுற்று திருப்பினால் 5 ஆகிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் 1-க்கு இறங்குகிறது. உடனே மென்பொருளில் ஜீரோ பட்டனை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்கத் தோன்றும். அழுத்தாதீர்கள். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் உங்கள் பொருத்தலில் என்ன கோளாறு என்ற தகவல் இருக்கிறது. அதைப் படிக்காமல் அழித்துவிட்டால் அதே பிழை சுமையோடு சேர்ந்து வரும்போது அடையாளம் காண்பது மிகக் கடினம்.

இந்தக் கட்டுரை முழுவதும் நான் வலியுறுத்தப்போவது ஒன்றுதான். பிழையைத் திருத்துவதற்கு முன் அது எந்த வகைப் பிழை என்று பிரித்துப் பாருங்கள். முதலில் இயந்திரப் பொருத்தம், அடுத்து காந்தச் சூழல், பிறகு வெப்பம், மின் இணைப்பு, அளவுத்திருத்தம். மென்பொருள் திருத்தம் கடைசியில்தான்.

சென்சார் எதைப் பார்க்கிறது?

எஃகுக்குத் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் உள்விசை) கொடுத்தால் அதன் காந்தமாக்கம் மாறும். 1865-இல் இத்தாலிய இயற்பியலாளர் எமிலியோ வில்லாரி கண்டறிந்த விளைவு இது. ஷாஃப்டை முறுக்கும்போது அதன் மேற்பரப்பில் அச்சுக்கு 45 டிகிரி சாய்வாக ஒரு திசையில் இழுவிசையும், அதற்குச் செங்குத்தான திசையில் அமுக்கவிசையும் உருவாகின்றன. காந்த மீள்மை வகை சென்சார்கள் இந்த மாற்றத்தை ஷாஃப்டைத் தொடாமலே படிக்கின்றன. சிலவற்றில் ஷாஃப்டிலேயே வளையம் வளையமாக நிரந்தரக் காந்தமாக்கம் செய்திருப்பார்கள். முறுக்கும்போது வெளியே கசியும் புலத்தை ஃபிளக்ஸ்கேட் அல்லது ஹால் சென்சார் அளக்கும். வேறு சிலவற்றில் ஒரு சுருள் மாறுதிசைப் புலத்தைச் செலுத்தும், மற்ற சுருள்கள் ஷாஃப்டின் காந்த உட்புகுதிறன் எப்படி மாறியது என்று பார்க்கும்.

மூன்றாவது வகை, மெல்லிய முறுக்குத் தண்டின் இரு முனைகளுக்கும் இடையிலான கோண வேறுபாட்டைக் காந்த வளையமும் ஹால் சிப்பும் கொண்டு அளப்பது. கார்களின் மின் பவர் ஸ்டீயரிங்கில் இதைக் காணலாம்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் பிழைகளும் வகைக்கு வகை வேறுபடும். காந்த மீள்மை வகையில் அளவீடு மேற்பரப்புத் தகைவைச் சார்ந்தது. திண்ம ஷாஃப்டில் அந்தத் தகைவைக் கணக்கிட, டார்க்கை 16-ஆல் பெருக்கி, பை மதிப்பையும் விட்டத்தின் மும்மடியையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 30 மி.மீ. ஷாஃப்டில் 100 நியூட்டன் மீட்டருக்குச் சுமார் 19 மெகா பாஸ்கல் வரும். விட்டத்தை 10 சதவீதம் குறைத்தால் தகைவு 37 சதவீதம் கூடும். அளக்கும் பகுதியின் விட்டத்தில் சிறிய மாற்றம் செய்தாலும் சிக்னல் பெரிதாக மாறுவது இதனால்தான்.

முதலில் ஐந்து கேள்விகள்

எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் சுமையில்லாத நிலையில் இவற்றுக்கு விடை எழுதிவையுங்கள்.

ஷாஃப்டை மெதுவாகச் சுற்றினால் அளவு மாறுகிறதா, மாறினால் சுற்றுக்கு ஒரு முறையா, இரண்டு முறையா? சுமையை ஏற்றி இறக்கிய பின் ஜீரோ பழைய இடத்துக்கே திரும்புகிறதா? வேகத்தைக் கூட்டினால் மட்டும் நகர்கிறதா? மெஷின் சூடாகும்போது நகர்கிறதா? அமைப்பு முழுவதையும் வேறு திசை நோக்கித் திருப்பி வைத்தால், அல்லது பக்கத்து மோட்டாரை ஆன் செய்தால், மாறுகிறதா?

முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் ஷாஃப்டின் ரன்-அவுட் (சுற்றும்போது மையம் விலகி ஆடுவது) அல்லது சீரற்ற காந்தமாக்கம். இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால் காந்தத் தயக்கம், அதாவது ஹிஸ்டெரிசிஸ். மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றால் பெரும்பாலும் சுழல் மின்னோட்டம் (மாறும் புலத்தால் எஃகுக்குள் சுழன்றோடும் மின்சாரம்) அல்லது பேரிங் உராய்வு. நான்காவது வெப்பம். ஐந்தாவது வெளிக் காந்தப்புலம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கலந்திருப்பது சகஜம். அதனால்தான் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீச்சு (அளக்கும் வரம்பு) பொருந்துகிறதா?

தகவல் தாளில் ‘0.5 சதவீதம்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் முழு அளவின் சதவீதம். 500 நியூட்டன் மீட்டர் சென்சாருக்கு அது 2.5 நியூட்டன் மீட்டர். நீங்கள் வழக்கமாக அளப்பது 50 என்றால் அங்கே அந்தப் பிழை 5 சதவீதமாகிவிடும். இதை எந்தத் திருத்தத்தாலும் முழுமையாக ஈடுகட்ட முடியாது. அதற்காக மிகச் சிறிய வீச்சையும் எடுக்க வேண்டாம். மோட்டார் கிளம்பும் நொடியில் டார்க் இயல்பு நிலையைப் போலப் பல மடங்கு எகிறலாம். அப்படி ஒரு முறை அளவு மீறினாலே ஜீரோ நிரந்தரமாக நகர்ந்துவிடக்கூடும்.

இயந்திரப் பொருத்தம்

சென்சார் தலைக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலான காற்று இடைவெளி சுற்றும்போது மாறினால் சிக்னலும் மாறும். ஆகவே ரன்-அவுட்டை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை: வழக்கமாக டயல் கேஜை நிறுத்தும் காந்த அடித்தள ஸ்டாண்டை ஷாஃப்டின் அளக்கும் பகுதிக்கு அருகில் கொண்டுவரவே கூடாது. அதன் காந்தம் ஷாஃப்டில் தடம் பதித்துவிடும். பிறகு ரன்-அவுட்டே இல்லாத ஷாஃப்டிலும் சுற்றுக்கு ஒரு முறை அலை தெரியும். திருகி இறுக்கும் கிளாம்ப் ஸ்டாண்டைப் பயன்படுத்துங்கள். இடைவெளியைச் சரிபார்க்கவும் எஃகு ஃபீலர் கேஜுக்குப் பதில் பித்தளை அல்லது பிளாஸ்டிக் தகடு போதும்.

கப்ளிங் (இரு ஷாஃப்ட்களை இணைக்கும் பாகம்) விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். இரு பக்கமும் ஷாஃப்ட்கள் நேர்கோட்டில் இல்லாவிட்டால் வளைவு விசை சென்சாருக்குள் போகும். வளையும் தகடுகள் கொண்ட இரட்டை டிஸ்க் கப்ளிங் இதைப் பெருமளவு குறைக்கும்.

வளைவு பற்றிப் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. ஷாஃப்டே வளைந்திருந்தால் அந்த வளைவு ஷாஃப்டோடு சுற்றும், அலையாகத் தெரியும். பெல்ட் இழுப்பதால் வரும் வளைவோ வெளியில் இருந்து பார்க்க எப்போதும் ஒரே பக்கம்தான். எனவே அது அலையாகத் தெரியாது. பேசாமல் ஜீரோவை நகர்த்தி வைத்துவிடும். பெல்ட்டைத் தளர்த்தியும் இறுக்கியும் ஜீரோவை ஒப்பிட்டால் உண்மை வெளிவரும். பெல்ட் இழுவிசையைத் தனி பேரிங்குகள் தாங்கும்படி செய்து, டார்க்கை மட்டும் சென்சாருக்குக் கடத்துவதே சரியான தீர்வு.

ஷாஃப்டைச் சுற்றி எத்தனை சென்சார் தலைகள் வைப்பது என்பதிலும் நிறைய லாபம் உண்டு. எதிரெதிரே 180 டிகிரியில் இரண்டு வைத்துச் சராசரி எடுத்தால், சுற்றுக்கு ஒரு முறை, மூன்று முறை போன்ற ஒற்றைப்படை அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 90 டிகிரி இடைவெளியில் நான்கு வைத்தால் நான்கின் மடங்காக வரும் அலைகள் மட்டுமே எஞ்சும். ஓவல் வடிவ ஷாஃப்ட் தரும் சுற்றுக்கு இரு முறை அலையை இரண்டு தலைகளால் ஒழிக்க முடியாது. அதற்கு நான்கு தேவை. செலவுக்கு இடமிருந்தால், மென்பொருளில் நாள்கணக்காகப் போராடுவதைவிட இது மேல் என்பது என் கருத்து.

காந்தச் சூழல்

பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்துச் சுமார் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். ஷாஃப்டில் காந்தமாக்கிய வகையில் டார்க் சிக்னலே இதே வரிசையில் இருக்கக்கூடும் என்பதால் பூமியைக் கூட அலட்சியம் செய்ய முடியாது. நல்ல சென்சார்களில் எதிரெதிர் திசையில் காந்தமாக்கிய இரண்டு வளையங்கள் இருக்கும். டார்க் வந்தால் இரண்டின் சிக்னலும் எதிர்க்குறியில் மாறும், வெளிப்புலமோ இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்கும். கழித்தால் டார்க் மட்டும் மிஞ்சும்.

ஆனால் இந்தக் கழித்தல் சீரான புலத்துக்குத்தான் செல்லும். அருகில் மோட்டாரோ, மின்காந்த பிரேக்கோ, எஃகுத் தாங்கியோ இருந்தால் இரண்டு வளையங்களும் ஒரே புலத்தைப் பார்ப்பதில்லை. அந்த வேறுபாடு டார்க் வேடம் போட்டு உள்ளே வந்துவிடும்.

சோதிக்கும் முறை எளிது. சுமையில்லாமல் அமைப்பை வடக்கு-தெற்காக வைத்து ஜீரோவைக் குறியுங்கள். பிறகு கிழக்கு-மேற்காகத் திருப்பிக் குறியுங்கள். வித்தியாசம் இருந்தால் சீரான புலத்தையே சென்சார் முழுதாகக் கழிக்கவில்லை. அடுத்து மெஷினை அதன் இடத்தில் வைத்து மோட்டார், பிரேக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மின்சாரம் கொடுத்து, ஷாஃப்டைச் சுழல விடாமல் ஜீரோவைப் பாருங்கள். ஷாஃப்டைப் பூட்டி வைத்தால் அதிலேயே டார்க் வந்துவிடும். கப்ளிங்கைக் கழற்றிவிட்டுச் செய்வதே சரி.

தீர்வில் முதலிடம் தூரத்துக்கு. மோட்டார் முகப்பிலிருந்து சென்சாரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே பாதிப்பு வேகமாகக் குறையும். இரண்டாவது, தாங்கிகளையும் போல்ட்களையும் அலுமினியம் அல்லது காந்தத்தில் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுவது. பால் பேரிங்கின் குண்டுகளும் எஃகுதான் என்பதை மறக்க வேண்டாம். காந்தமேறிய பேரிங் அளக்கும் பகுதியை ஒட்டி இருந்தால் சுற்றுக்கு முழு எண்ணாக வராத ஒரு விசித்திர அலை தெரியும். கடைசியாகத்தான் மியூ-மெட்டல் (காந்தப்புலத்தைத் தன்வழியே இழுத்துக்கொள்ளும் உலோகக் கலவை) கவசம். அதை ஷாஃப்டை ஒட்டிப் போட்டால் டார்க் சிக்னலையே உறிஞ்சிவிடும், தட்டினாலோ வளைத்தாலோ அதன் கவசத் திறனும் குறைந்துவிடும்.

பராமரிப்புக் குழுவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஷாஃப்ட் வழியே வெல்டிங் மின்னோட்டம் போகக் கூடாது. விரிசல் பார்க்கக் காந்தத் துகள் சோதனை செய்யக் கூடாது. கிரைண்டிங் மெஷினின் காந்த சக்கில் மாட்டக் கூடாது. இவற்றில் எது நடந்தாலும் காந்தமாக்கிய வளையத்தின் அளவுத்திருத்தம் செல்லாது. சுருள் வகையில் அப்படி ஏறிய மிச்சக் காந்தத்தை, படிப்படியாகக் குறையும் மாறுதிசைப் புலத்தால் நீக்கலாம். காந்தமாக்கிய வகையில் அதைச் செய்தால் சென்சாரையே அழித்தது போலாகிவிடும்.

சுருள் வகையில் மேற்பரப்பின் தரமும் காந்தச் சூழலைச் சேர்ந்ததே. 10 கிலோஹெர்ட்ஸில் செலுத்தும் புலம் வழக்கமான எஃகில் கால் மி.மீ. அளவுக்குத்தான் இறங்கும். ஆகவே கிரைண்டிங் தடம், கடினப்படுத்தியதில் உள்ள ஏற்றத்தாழ்வு, எஞ்சிய தகைவு எல்லாமே சிக்னலில் தெரியும்.

உண்மையான ஜீரோ எது?

ஷாஃப்டைக் கையால் சுற்றும்போது பேரிங் உராய்வும் டார்க்காகத்தான் பதிவாகும். அதைப் பிரிக்க ஒரு அருமையான வழி இருக்கிறது. மோட்டார் பக்கத்திலிருந்து ஒரே சீரான மெதுவான வேகத்தில் சில முழுச் சுற்றுகள் வலமாகவும், அதே எண்ணிக்கை இடமாகவும் சுற்றி, இரண்டின் சராசரியையும் எடுங்கள். வலமாக +0.9, இடமாக −0.3 என்று வந்தால், இரண்டின் நடுவான 0.3-தான் ஜீரோ நகர்வு. வித்தியாசத்தில் பாதியான 0.6 உராய்வு. நின்ற நிலையில் எடுத்த ஜீரோவில் உராய்வு எந்தப் பக்கம் பிடித்து நிற்கிறது என்றே தெரியாது என்பதால் அதை நம்பக் கூடாது.

வெப்பம்

காந்த மீள்மை வகையில் ஒரு நல்ல விஷயம்: தகைவு டார்க்கையும் விட்டத்தையும் மட்டுமே பொறுத்தது, எஃகின் விறைப்பு அதில் வராது. முறுக்குத் தண்டு வகையில் அப்படியில்லை. சூடானால் விறைப்புக் குணகம் குறையும், அதே டார்க்குக்குத் தண்டு கூடுதலாக முறுகும். கூடவே காந்தமும் வலுவிழக்கும். நியோடைமியம் காந்தம் டிகிரிக்குச் சுமார் 0.12 சதவீதம் இழக்கும், அதாவது 50 டிகிரி ஏறினால் 6 சதவீதம். சமேரியம் கோபால்ட்டில் இது மூன்றில் ஒரு பங்குதான்.

எல்லா வகைக்கும் பொதுவான தொல்லை வெப்பநிலை வேறுபாடு. ஷாஃப்டின் மோட்டார் பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் இரண்டு வளையங்களும் சமமாக இருக்காது, கழித்தல் தோற்றுப்போகும். ஒரே ஒரு வெப்பமானியை வைத்துத் திருத்துவது போதாமல் போவதும் இதனால்தான். இரு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள். முக்கியமான அளவீடுகளுக்கு முன் மெஷினை ஓட்டிச் சூடேற்றி, ஜீரோ நகர்வது நின்ற பிறகு தொடங்குங்கள்.

மின் இணைப்பு

இதில் சுருக்கமாக முடிக்கலாம். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) கேபிளையும் சென்சார் கேபிளையும் ஒரே குழாயில் கொண்டுபோகாதீர்கள். உலோக வலைக் கவசம் உள்ள முறுக்கிய இணைக் கம்பிகள், ஒரே இடத்தில் தரையிணைப்பு, ஏ.டி.சி.-க்கு (அனலாக் சிக்னலை எண்களாக மாற்றும் சுற்று) முன்னால் ஓர் அனலாக் வடிகட்டி. இந்த வடிகட்டியை விட்டுவிட்டால் டிரைவின் கிலோஹெர்ட்ஸ் இரைச்சல் மாறுவேடத்தில் தாழ் அதிர்வெண்ணாக உள்ளே வரும், பிறகு எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியாது.

அளவுத்திருத்தம்

ஷாஃப்டின் ஒரு முனையைப் பூட்டி, மறுமுனையில் நீளம் தெரிந்த நெம்புகோலை மாட்டி எடைக்கற்களைத் தொங்கவிடுவதுதான் அடிப்படை முறை. இரண்டு இடங்களில் கணக்கு தப்பும். ஒன்று, ஈர்ப்பு முடுக்கம். அது நிலநடுக்கோட்டில் 9.78, துருவங்களில் 9.83, பொதுவான 9.80665-ஐ எடுத்துக்கொண்டால் கால் சதவீதம் வரை பிழை வரலாம். இரண்டு, நெம்புகோலின் சாய்வு. எடை ஏறும்போது ஷாஃப்ட் முறுகி, கோல் 5 டிகிரி தாழ்ந்தால் 0.4 சதவீதம் போய்விடும். ஒவ்வொரு படியிலும் கோலை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பதிவு எடுப்பதற்கு முன் முழுச் சுமையை மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். எஃகின் காந்த நினைவு ஒரு நிலைக்கு வர இது தேவை. பிறகு 0, 20, 40, 60, 80, 100 சதவீதம் என்று ஏறிக்கொண்டே ஒரு பதிவு, அதே புள்ளிகளில் இறங்கிக்கொண்டே இன்னொரு பதிவு. இடையில் ஒரு புள்ளியைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தால் அந்த வரிசை வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏறும்போது 60 சதவீதத்தில் காட்டியதற்கும் இறங்கும்போது அங்கே காட்டியதற்கும் உள்ள வித்தியாசமே ஹிஸ்டெரிசிஸ். இரண்டின் நடுக்கோட்டைத் திருத்தக் கோடாக எடுத்தால் அதிகபட்சப் பிழை பாதியாகும். அதற்கு மேல் குறைக்க நல்ல எஃகும் சரியான வெப்பப் பதனமும்தான் வழி.

ஷாஃப்டை வேறு கோணங்களில் திருப்பிப் பூட்டியும் இதே சோதனையைச் செய்யுங்கள். டார்க் அளவிகளின் நிலையான அளவுத்திருத்தத்துக்கான ஜெர்மன் தர நெறி டி.ஐ.என். 51309-இலும் பொருத்தும் நிலையை மாற்றி அளப்பது இடம்பெற்றிருக்கிறது. சுழலும் மெஷினில் இது இரட்டிப்பு முக்கியம்.

கடைசியாக மென்பொருள்

உங்களுக்குத் தேவை சராசரி டார்க் மட்டும்தான் என்றால் வேலை எளிது. என்கோடரை (ஷாஃப்டின் கோணத்தைச் சொல்லும் கருவி) வைத்துச் சரியாக முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுங்கள். நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஒரு சுற்று 40 மில்லிசெகண்ட். அதன் முழு மடங்கில் சராசரி எடுத்தால் ஷாஃப்டோடு சுற்றும் கூட்டல் பிழைகள் (சுமை மாறினாலும் உயரம் மாறாதவை) மறைந்துவிடும்.

சுற்றுக்குள் டார்க் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் கோணவாரியான திருத்த அட்டவணை வேண்டும். சுமையில்லாமல் ஒரு அலை, பாதிச் சுமையில் ஒன்று, முழுச் சுமையில் ஒன்று பதியுங்கள். மூன்றும் ஒரே உயரம் என்றால் பிழை கூட்டல் வகை, கழித்தால் போதும். சுமையோடு அலையும் வளர்ந்தால் பெருக்கல் வகை, அதை வகுத்துத்தான் நீக்க வேண்டும். சுமையில்லாமல் எடுத்த ஒரே அட்டவணையைக் கழித்துவிட்டு ‘சுமையில் பிழை இன்னும் இருக்கிறதே’ என்று தவிப்பவர்களுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, தாமதம். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஷாஃப்ட் ஒரு மில்லிசெகண்டில் 18 டிகிரி திரும்பிவிடும். வடிகட்டியின் தாமதம் அவ்வளவு இருந்தால் அட்டவணை 18 டிகிரி தள்ளி விழும். பிழையைக் குறைப்பதற்குப் பதில் புதிய பிழையைச் சேர்க்கும். கோணப் பதிவையும் அதே அளவு தாமதப்படுத்துங்கள்.

திரையில் தெரியும் எல்லா அலையும் பிழை அல்ல என்பதையும் இங்கே மனதில் வைக்க வேண்டும். வேகம் மாறினாலும் உயரம் மாறாமல், ஷாஃப்டின் அதே கோணத்தில் வரும் அலை பெரும்பாலும் சென்சாருடையது. ஒரு குறிப்பிட்ட வேகத்தை நெருங்கும்போது மட்டும் வளர்ந்து, தாண்டியதும் அடங்கினால் அது முறுக்கு ஒத்ததிர்வு. உண்மையான டார்க் அது, கப்ளிங்கை முறிக்கக்கூடியதும் அதுதான். அதை வடிகட்டி மறைத்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு குறுக்குச் சோதனை. 1500 சுற்றில் 100 நியூட்டன் மீட்டர் என்றால் ஷாஃப்ட் திறன் 15.7 கிலோவாட். மோட்டாருக்குப் போகும் மின்திறனிலிருந்து இழப்புகளைக் கழித்து ஒப்பிடுங்கள். இழப்புகளைத் துல்லியமாகக் கணிப்பது கடினம் என்பதால் நுண்ணிய பிழைகள் இதில் தெரியாது. ஆனால் குறி மாறியது, மடங்கு தவறியது, வீச்சு மாற்றி அமைத்தது போன்றவை உடனே பிடிபடும்.

ஜீரோ, அலையின் உயரம், இரு பக்க வெப்பநிலை, தேதி ஆகியவற்றை மெஷின் அருகிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கப்ளிங் கழற்றினாலும், பேரிங் மாற்றினாலும், பக்கத்தில் வெல்டிங் நடந்தாலும், இருதிசைச் சுழற்சியில் ஜீரோ எடுத்து அந்த நோட்டோடு ஒப்பிட்ட பிறகே மெஷினைச் சுமைக்கு விடுங்கள்.